உழைத்த கை எழுதிய நாவல்

(சங்கப் படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



படிப்பக விழா என்றால் பெரும்புலவர் ஒருவரைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறோம். வங்க நாவலாசிரியர் மனோரஞ்சன் பியாபாரி என்பவரே அவர். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அவருடைய வாழ்க்கை அந்நியமானதன்று.

1950-ஐ ஒட்டி, இன்று வங்கதேசத்தில் உள்ள பரிசால் பகுதியில் பிறந்தார். நாமசூத்திரர் வகுப்பு. அந்த மக்களைச் ‘சண்டாளர்’ என்றே அரசாங்க ஏடுகளும் குறித்து வந்தன. அவர்கள் போராடி, 1911 மக்கள் கணக்கெடுப்பில்தான் அந்தப் பெயரை மாற்றினார்கள். அந்தச் சொல் நம் தமிழிலும் வசைச் சொல்லாக இருக்கிறதே, தோழர்களே! திட்டும்போது அது ஒரு மக்களின் பெயர் என்பதை யார் நினைத்தோம்?

பிரிவினைக்குப் பின் அந்தக் குடும்பம் அகதியாக மேற்கு வங்கம் வந்தது. முகாம் வாழ்க்கை. பசி. தண்டகாரணியக் காடுகளுக்குப் போகச் சொன்னது அரசு. போக மறுத்தவர்களுக்கு உதவி நின்றது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத சிறுவன் மாடு மேய்த்தான், தேநீர்க் கடையில் கோப்பை கழுவினான், வேலை தேடி ஊர் ஊராக அலைந்தான். அலைந்த இடங்களில் உழைப்பு கிடைத்தது. கூலி எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை.

1970-களில் கல்கத்தா கொந்தளித்த நாட்களில் அவர் சிறைப்பட்டார். எழுத்து அறிமுகமானது அங்கேதான். உடனிருந்த கைதி ஒருவர் சொல்லிக்கொடுக்க, குச்சியால் மண்ணில் கீறி அகரம் பழகினார். அப்போது அவர் இருபது வயதைத் தாண்டிய வாலிபர். பள்ளி கொடுக்காததைச் சிறை கொடுத்தது என்றால், அது சிறைக்குப் பெருமையா, நாட்டுக்குச் சிறுமையா? சிந்தித்துப் பாருங்கள்!

வெளியே வந்து யாதவ்பூர் பகுதியில் ரிக்‌ஷா ஓட்டினார். சவாரி இல்லாத நேரமெல்லாம் படிப்பு. ‘ஜிஜீவிஷா’ என்றொரு சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லை. ஒருநாள் கல்லூரி வாசலில் ஏறிய ஆசிரியை ஒருவரைக் கேட்டார். ‘வாழ வேண்டும் என்ற வேட்கை’ என்று பொருள் சொன்ன அந்த அம்மையார், இந்தச் சொல் உனக்கு எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். தாம் நடத்தும் இதழுக்கு எழுதும்படியும் சொன்னார். அவர்தான் மகாசுவேதா தேவி. அவர் எழுதிய புத்தகம் அந்த ரிக்‌ஷாவிலேயே இருந்தது! 1981-இல் அவருடைய ‘பர்த்திகா’ இதழில், ரிக்‌ஷா ஓட்டும் வாழ்க்கையைப் பற்றி பியாபாரியின் முதல் கட்டுரை வெளிவந்தது.

இந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டுவது எளிது. ஆனால் அந்தச் சந்திப்போடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. பின்னர் சத்தீஸ்கர் பகுதிக்குப் போய், தொழிற்சங்கத் தலைவர் சங்கர் குகா நியோகியின் இயக்கத்தில் உழைத்தார். 1991-இல் நியோகி கொலையுண்டார். பின்பு கல்கத்தா திரும்பியவருக்குக் கிடைத்தது, காது கேளாத பிள்ளைகளின் விடுதியில் சமையல் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அடுப்படியில் நின்றார். பகலில் கரண்டி, இரவில் பேனா.

தன் வரலாற்றை எழுதியபோது, வசையாக வீசப்பட்ட ‘சண்டாளர்’ என்ற பெயரையே தலைப்பில் வைத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளேடு 2018-ஆம் ஆண்டுக்கான பரிசை வழங்கியது. பரிசு வந்த பின்னும் மறுநாள் சோறு வடிக்க வேண்டியிருந்தது! 2020-இல்தான் அடுப்படியிலிருந்து நூலகப் பணிக்கு மாற்றப்பட்டார். 2021-இல் பலாகர் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனார்.

அவருடைய நாவல்களில் ஒன்று, காற்றில் வெடிமருந்தின் வாசம் என்று பொருள்படும் ‘பாத்தாஸே பாரூதேர் கந்தோ’. 1970-களின் சிறைதான் களம். நக்சலைட் கைதிகள் தப்பிக்கத் திட்டமிடுகிறார்கள்; அவர்களை உளவு பார்க்க ஒரு சில்லறைத் திருடன் அனுப்பப்படுகிறான். அரசியலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதலாம். வயிறு காய்ந்தவன் ஏன் திருடுகிறான், ஏன் காட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான் என்பதைப் பசியை அறிந்தவர் எழுதும்போதுதான் அதில் சத்தியம் இருக்கிறது. உழைப்பாளியைப் பற்றிப் பிறர் எழுதுவது ஒன்று; உழைப்பாளியே எழுதுவது வேறு. முன்னதில் அவன் இரக்கத்துக்கு உரியவன். பின்னதில் அவன் சாட்சி சொல்பவன்.

ஆகவே இவரை ‘அதிசய மனிதர்’ என்று சொல்லி ஒதுக்கிவிடலாகாது. அதிசயம் என்று சொல்லிவிட்டால், எழுத்தை அவரிடமிருந்து தடுத்தது எது என்ற கேள்வி மறைந்துவிடும். சாதி தடுத்தது, வறுமை தடுத்தது, அகதிக்குப் பள்ளி வேண்டாம் என்ற அலட்சியம் தடுத்தது. இத்தனையும் தாண்டி ஒருவர் வந்தார் என்றால், வர முடியாமல் போனவர் எத்தனை பேர்!

நம் சங்கத்திலும் தோல் பட்டறையில் உழைத்தவர் உண்டு, விடியற்காலையில் இட்லிக் கூடை சுமக்கும் தாய்மார் உண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியவர் உண்டு. அவர்களுடைய வாழ்க்கை எந்த ஏட்டில் இருக்கிறது? அவர்கள் போனால் அதுவும் போய்விடும் அல்லவா?

கூலித் தொழிலாளரும் விவசாயிகளும் தாமே எழுத ‘பர்த்திகா’ இடம் கொடுத்தது. நாமும் அதைச் செய்யலாம். நம் மாத இதழில் இரண்டு பக்கங்களை உழைப்பாளர் எழுத்துக்கு ஒதுக்குவோம். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும். மாலை வகுப்பு மாணவர் எழுதட்டும். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, அவர் சம்மதித்த பின் அச்சேற்றுவோம். இரவு ஒன்பது மணிக்குப் பூட்டும் படிப்பகத்தைப் பதினொன்று வரை திறந்து வைப்போம். வேலை முடிந்து வருபவருக்கு ஒரு விளக்கும் ஒரு மேசையும் இருக்கட்டும்.

இந்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். கைதட்டலோடு நிறுத்திவிடாமல் கையெழுத்திட்டு நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்டு அமைகிறோம்.