மருத்துவரும் மருந்துக்கடைக்காரரும் பேசிக்கொள்ள வேண்டும்

(ரமளானுக்கு முன் நடந்த மருத்துவ ஆலோசனைக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற ரமளானில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் அஸருக்குப் பிறகு சமையற்கட்டில் மயங்கி விழுந்தார். சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டார். மறுநாள் போய்ப் பார்த்தபோது தலைமாட்டில் இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு. பின்புறம் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டுமே கிளிமிபிரைடு! ஒன்று நம் தெரு டாக்டர் எழுதியது. மற்றது, கால் புண்ணுக்காகப் போன டவுன் ஆஸ்பத்திரியில் எழுதியது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு நோன்பும் வைத்திருக்கிறார்.

இரண்டும் ஒரே கடையில் வாங்கியவைதான். கடைக்காரரைக் கேட்டேன். "அப்பவே சந்தேகம்தான் பாய். டாக்டருக்குப் போன் போட்டா 'நீ எனக்குச் சொல்லித் தர்றியா'ன்னு கேட்டுடுவாரோன்னு விட்டுட்டேன்" என்றார். டாக்டரோ, "ஒரு போன் வந்திருந்தால் அந்த நிமிஷமே ஒன்றை நிறுத்தச் சொல்லியிருப்பேனே" என்கிறார். யாரைக் குறை சொல்வது? அந்த இரண்டு பில்லுக்கும் அறக்கட்டளைப் பணத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். தொகையைப் பார்த்தேனே தவிர, மருந்தின் பெயரைப் பார்க்கவில்லை.

சீட்டைச் சரிபார்ப்பது மருந்தாளுநரின் அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. அவர் வேலையே அதுதான். ஒரே மருந்து இரண்டு முறை வருகிறதா, ஒன்றோடொன்று ஒத்துப்போகாததா என்று பார்ப்பதை 2015-ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை விதிகளே அவர் பொறுப்பில் வைத்திருக்கின்றன. ஆயிரம் வருடங்களுக்கு முன் அல்பீரூனி எழுதிய 'கிதாபுஸ் ஸைதனா'வில் ஒரே மருந்துக்கு அரபியிலும் கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் இந்திய மொழிகளிலும் உள்ள பெயர்களைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். பெயர் மாறினால் ஆள் ஏமாறுவான் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது!

நம் பக்கமும் தவறு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். மெடிக்கலில் போய் "போன தடவை கொடுத்ததே கொடுங்க" என்கிறோம். மூட்டு வலிக்கு நாமே மாத்திரை கேட்டு வாங்குகிறோம். பிரஷரும் கிட்னிக் கோளாறும் உள்ளவருக்கு அது எவ்வளவு கெடுதல் என்று கேட்பதில்லை.

ஆகவே இந்த வருடம் ஓர் ஏற்பாடு. அறக்கட்டளையில் மருந்து உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். எந்த டாக்டர் எழுதினாலும் அதில்தான் எழுத வேண்டும், மருந்தும் ஒரே கடையில்தான். நம் பகுதி டாக்டர்கள் இருவர், மதியம் 2 முதல் 3 மணிவரை மருந்தாளுநரின் போனை எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நோட்டைப் பார்க்காமல் இனி எந்தப் பில்லிலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். நாமாகவே காலை மாத்திரையை ஸஹருக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது. விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே இறங்கினால் மஃரிபுக்கு அரைமணி நேரம்தான் இருக்கிறதென்றாலும் நோன்பை விட்டுவிடுங்கள். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்.

நோட்டுப் புத்தகம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். வரும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். வஸ்ஸலாம்.