மாருதிக்குள் ரோட்டரி எஞ்சின்

நேமத்தான்பட்டியிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: “அப்பாவின் பழைய மாருதி 800 வீட்டில் சும்மா நிற்கிறது. அதில் ரோட்டரி எஞ்சினை மாற்றிப் போட்டால் ஓடுமா?”

எஞ்சின் மாற்றும் ஆசை நம் ஊருக்குப் புதிதில்லை. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டியவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. அம்பாசடர் அதற்கு இடம் கொடுத்தது. எஞ்சின் நெடுக்காக நிற்கும், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து நீளமாக ஒரு ஷாஃப்ட் பின்சக்கரத்துக்குப் போகும். மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, இணைப்புத் தட்டை லேத்தில் கடைந்து, பட்டறைக்காரர் சமாளித்துவிடுவார்.

மாருதியின் பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் குறுக்கே கிடக்கும். அதை ஒட்டியே கியர்பாக்ஸ். டிஃபரென்ஷியலும் அதே கூட்டுக்குள்தான். இரண்டு பக்கமும் ஆக்சில் கிளம்பி நேரே முன்சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சினை நாலு விரற்கடை நகர்த்தினால் ஆக்சிலின் நீளம், கோணம் எல்லாமே மாறிவிடும்.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய நிலக்கடலை போன்ற அறைக்குள் முக்கோண ரோட்டார் சுழலும். அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடுவிலுள்ள ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றிவிடும். சின்ன உருவம், அதிர்வு குறைவு. ஆனால் ரோட்டாரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் போயிற்று. அந்தச் சீல்களுக்காகவே எரியும் அறைக்குள் கொஞ்சம் ஆயிலும் விடவேண்டும். புகைபோக்கியின் சூடு வேறு கடுமை.

முன்சக்கர இழுவைக்கு இது ஒத்தே வராதா? வரும், கம்பெனிகளே செய்திருக்கின்றன. ஜெர்மனியின் என்.எஸ்.யூ. 1967-இல் ‘ரோ 80’ காரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது. மஸ்டா 1969-இல் ‘லூசே ஆர்130’ செய்தது. ஆயிரம் கார்கூடத் தேறவில்லை. பிரான்சின் சிட்ரோயன் 1973-இல் இறங்கிப் பார்த்து, விற்றதில் பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி நொறுக்கியது. ரோ 80 கதைதான் எனக்குப் பிடித்தது. சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. கம்பெனி வாரன்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே களைத்தது. 1969-இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. வாங்கியவர்களில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? ரோட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்ன இடத்தில் அடங்கும் ஃபோர்டு வி4 பிஸ்டன் எஞ்சினை வைத்துக்கொண்டார்கள்!

அவையெல்லாம் கம்பெனியே ரோட்டரிக்கு ஏற்றபடி அமைத்த கார்கள். மாருதி 800-இன் எஞ்சின் சுமார் 37 குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. மஸ்டா ஆர்எக்ஸ்-8 ரோட்டரியோ 230 குதிரைத்திறனை ஒட்டியது, திருகுவிசை 211. மாருதியின் கியர்பாக்ஸ் பற்கள் அதைத் தாங்குமா? பிரேக்? வேகம் எடுக்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். வேறொரு பெரிய காரின் கியர்பாக்ஸைப் போடலாம் என்றால் ஆக்சில், ஹப், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் என்று பட்டியல் நீளும். கடைசியில் மாருதியின் கூடுதான் மிஞ்சும். சீலுக்கு எங்கே போவது? சுவராஜ் மஸ்டா வேன் நமக்குத் தெரியும். மஸ்டாவின் ரோட்டரி கார் இங்கே கடைக்கே வந்ததில்லை.

மஸ்டாவே இன்று ரோட்டரியைச் சக்கரத்தில் பூட்டுவதை விட்டுவிட்டது. எம்எக்ஸ்-30 காரின் 2023-இல் வந்த ரகத்தில் 830 சிசி ஒற்றை ரோட்டார், ஜெனரேட்டரைச் சுழற்றும் வேலையை மட்டும் பார்க்கிறது. முன்சக்கரத்தை ஓட்டுவது மின்மோட்டார்.

இத்தனையும் தாண்டினால் சட்டம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய காரைப் புதுப்பிக்கப் போனால் ஆய்வாளர் பானெட்டைத் திறப்பார். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

ஆகவே தம்பி, முடியும், ஆனால் செய்யாதீர்கள். அப்பாவின் மாருதியை அதன் மூன்று சிலிண்டர் எஞ்சினோடே சரிசெய்து ஓட்டுங்கள். அதிலும் எஞ்சினையே மாற்ற வேண்டிவந்தால், பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள்.