மூலப்பத்திரத்தில் பட்ட பேனா

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கெர்னல் மெமரியில் ரேஸ் கண்டிஷன்" என்று அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததுமே வணிகவியல், வரலாறு படித்த நண்பர்கள் சிலர் சாப்பாட்டுக்கூடம் பக்கம் நகர்ந்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். தயவுசெய்து உட்காருங்கள். இது ஒரு வில்லங்கக் கதை. வில்லங்கம் என்றால் என்னவென்று மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மனை வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். சுத்தமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்குப் பத்திரம் பதியலாம் என்று முடிவு செய்கிறோம். நடுவில் புதன்கிழமை, அதே ஆள் அதே மனையை இன்னொருத்தருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை நாம் பணத்தைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தானே வாங்குனோம், சுத்தமா இருந்துச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

திங்கட்கிழமை வாங்கிய சான்று பொய்யா? இல்லை, அன்றைக்கு அது உண்மைதான். பார்த்ததற்கும் பதிந்ததற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்துவிட்டார். கணிப்பொறிக்காரர்கள் ரேஸ் கண்டிஷன் என்று சொல்வது இதைத்தான். நமக்கு நான்கு நாள் இடைவெளி. கணிப்பொறிக்கு ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும்.

நம்ம ஊர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் எந்த ஜோடி முதலில் வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் வேடிக்கை. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடி, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறினால், கெர்னலில் அது வேடிக்கை இல்லை, விபத்து.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. பதிவு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரியை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, எந்தப் பக்கம் எந்த நிரலுக்கு, படிக்க மட்டுமா, எழுதவும் உரிமை உண்டா என்று பதிவேடு வைத்திருப்பது அதன் வேலை. ஒரே கோப்பை நூறு நிரல்கள் படித்தாலும் மெமரியில் இருப்பது ஒரே பிரதிதான். எல்லோரும் அதைப் பங்குபோட்டுப் படிப்பார்கள். யாராவது எழுத வேண்டும் என்றால், அந்த நேரத்தில் அவருக்கு மட்டும் ஒரு நகல் எடுத்துக் கொடுப்பார்கள். அவர் அதில் என்ன கிறுக்கினாலும் மூலப்பத்திரத்துக்குச் சேதம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குக் காப்பி-ஆன்-ரைட் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கவ்', அதாவது பசு. இந்தப் பசுவில் 2016-இல் வெளிப்பட்ட பெரிய ஓட்டைக்கு 'டர்ட்டி கவ்' என்று பெயர் வைத்தார்கள். அலங்காநல்லூர் மாடு எதற்கும் இதில் சம்பந்தம் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

லினக்ஸ் கெர்னலில் இருந்த அந்த ஓட்டை எப்படி வேலை செய்தது? நம் அலுவலகக் கணக்கிலேயே சொல்கிறேன்.

ஒருவர் 'எழுத வேண்டும்' என்று மனுவோடு வருகிறார். மூலத்தில் எழுத உரிமை இல்லாததால் குமாஸ்தா நகல் எடுத்துவிடுகிறார். ஆனால் அந்த இடம் படிக்க மட்டும் என்று பதிவாகியிருப்பதால், 'எழுத' என்ற மனுவோடு மறுபடி ஜன்னலுக்குப் போனால் மறுபடியும் திருப்பி அனுப்புவார்கள். அதற்காகக் குமாஸ்தா ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மனுவில் இருந்த 'எழுத' என்பதை அடித்துவிட்டு, 'படிக்க' என்று மாற்றிக் கொடுத்தார். நகல்தான் தயாராக இருக்கிறதே, அதில் எழுதினால் என்ன குறை என்பது அவர் நினைப்பு.

இந்த இடைவெளியில் மனுதாரரின் கூட்டாளி பின்பக்கமாக வந்து, "அந்த நகல் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி அதைக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறார். கெர்னலில் இதற்கு 'மேட்வைஸ்' என்று முறையான அழைப்பே உண்டு; அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. இப்போது மனுதாரர் 'படிக்க' என்ற மனுவோடு ஜன்னலுக்கு வருகிறார். நகல் இல்லை. படிக்கத்தானே கேட்கிறார் என்று மூலப்பத்திரத்தையே எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அவர் கையில் பேனா இருக்கிறது! யாரும் தொடக்கூடாத கோப்பில் சாதாரணப் பயனாளர் ஒருவர் எழுதிவிட்டார். அது கணிப்பொறியின் உச்ச அதிகாரம் சம்பந்தப்பட்ட கோப்பாக இருந்தால், கணிப்பொறியே அவர் கைக்குப் போய்விடும்.

ஒருமுறை முயன்றால் இது நடக்காமல் போகலாம். ஆனால் நிரலுக்கு அலுப்பு கிடையாது. ஒரு த்ரெட் எழுதிக்கொண்டே இருக்கும், இன்னொரு த்ரெட் நகலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். லட்சக்கணக்கான முயற்சியில் ஒருமுறை பலித்தால் போதும்.

இந்தத் தகராறு யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005-இல் இதைச் சரிசெய்ய முயன்றார். அந்தத் திருத்தம் ஐபிஎம் நிறுவனத்தின் எஸ்-390 வகைப் பெரிய கணிப்பொறிகளில் சிக்கல் உண்டாக்கியதால் திரும்பப் பெறப்பட்டது. ஏட்டளவில்தான் இப்படி நடக்கும் என்ற எண்ணமும் அன்று இருந்தது. பிறகு கணிப்பொறிகளில் செயலிகள் பெருகின, கெர்னலும் மாறியது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும் நிலைக்கு வந்துவிட்டது. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பு தொடங்கி ஓட்டை திறந்தே கிடந்தது. 2013-இல் எஸ்-390 சிக்கல் தீர்ந்தது. ஆனாலும் பழைய கதவை மூட யாரும் திரும்பி வரவில்லை.

2016 அக்டோபரில்தான் விஷயம் வெளியே வந்தது. பில் ஓஸ்டர் என்பவர் தம் சர்வருக்கு வரும் போக்குவரத்தை எல்லாம் பதிவு செய்து வைக்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பதிவுகளிலிருந்துதான் தாக்குதலுக்குப் பயன்பட்ட நிரலை அவரால் மீட்டெடுக்க முடிந்தது. அதாவது, நாம் கண்டுபிடிக்கும் முன்பே கள்ளன் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தான்.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டுகளில் வந்த லினக்ஸ் கெர்னல்களில் இந்த ஓட்டை இருந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். 2017 செப்டம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம், இந்த ஓட்டையைப் பயன்படுத்திக் கைபேசிகளைக் கைப்பற்றும் 'ஸ்நியூ' என்ற தீநிரலை அறிவித்தது. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில், 5,000-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தவர்கள். கெர்னல் திருத்தப்பட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தது. பலருடைய கைபேசிக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை.

சரி, எப்படித் திருத்தினார்கள்? 2016 திருத்தம் இரண்டே கோப்புகளில், சில வரிகளில் முடிந்தது. மனுவில் 'எழுத' என்பதை இனி யாரும் அடிக்கக் கூடாது. 'நகல் எடுத்தாயிற்று' என்று தனியாக ஒரு முத்திரை குத்த வேண்டும். முத்திரை இருந்தால் மட்டும் போதாது, கையில் வரும் பக்கத்தில் 'டர்ட்டி' என்ற திருத்தக் குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறி இல்லையென்றால் அது நம் நகல் அல்ல. மறுபடி முதலிலிருந்து வா.

அத்தோடு கதை முடியவில்லை. 2017 நவம்பரில், பெரிய அளவுப் பக்கங்களில் நகல் எடுக்காமலேயே அந்தக் குறி விழ வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதையும் அடைத்தார்கள். பின்னர் 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பில், பங்கு மெமரிக்காகச் சேர்த்த வேறொரு வசதி, மூலப் பக்கத்தின் மேலேயே அந்தக் குறியைப் போடத் தொடங்கியது. அதைச் சேர்த்தவர்களுக்கு, இந்தக் குறியை நம்பி இன்னொரு மூலையில் ஒரு பாதுகாப்பே நடக்கிறது என்பது தோன்றவில்லை. பழைய பசு மறுபடி கயிற்றை அவிழ்த்துக்கொண்டது.

2022 ஆகஸ்டில் டேவிட் ஹில்டன்பிராண்ட் என்ற பொறியாளர் அந்த முத்திரையையே எடுத்துவிட்டார். எழுதப் போகும் அந்தக் கணத்தில், பதிவேட்டுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தையே பார்த்து ஒரே கேள்வி: இது இந்த நிரலுக்கு மட்டுமே சொந்தமான நகலா? ஆம் என்றால் எழுது. இல்லையென்றால் புது நகல் எடு.

நான் இன்று சொல்ல வந்த விஷயம் இதுதான். 'முன்பு நகல் எடுத்தேன்' என்பது பழைய செய்தி. 'இப்போது என் கையில் இருப்பது நகலா' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பார்ப்பதும் செய்வதும் ஒரே மூச்சில், நடுவில் யாரும் நுழைய முடியாதபடி நடக்க வேண்டும். ரேஸ் கண்டிஷனைத் திருத்துவது என்றால் அந்த இடைவெளியை மூடுவதுதான்.

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பூட்டுப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்று மாணவர்கள் கேட்கலாம். அதையும் செய்துபார்த்தார்கள். 1996-இல் லினக்ஸ் பல செயலிகளில் ஓடத் தொடங்கியபோது கெர்னல் முழுமைக்கும் ஒரே பூட்டுதான். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் எல்லாம் வாசலில். பாதுகாப்பு உண்டு, ஆனால் பத்து ஜன்னல் திறந்தும் ஒரே வரிசை என்றால் யாருக்கு லாபம்? அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, 2011-இல்தான் முழுமையாக அகற்றினார்கள்.

பூட்டைக் குறைக்க வந்த வழிகளில் முக்கியமானது ஆர்.சி.யு. எழுதுகிறவர் தனியாகப் புதுப் பிரதி தயாரித்து மாற்றி வைப்பார். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் பழைய பிரதியையே படித்து முடிப்பார்கள். கடைசி ஆளும் முடித்த பிறகே பழையது குப்பைக்குப் போகும். 2002 அக்டோபரில் இது லினக்ஸில் சேர்ந்தது. அமெரிக்காவின் பால் மெக்கென்னியோடு சேர்ந்து இதற்கு உழைத்தவர்கள் ஐபிஎம்மின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த திபங்கர் சர்மாவும் மனீஷ் சோனியும். கெர்னல் வேலை வெள்ளைக்காரர்களுக்கே உரியது என்று நினைக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் இன்றைக்கே செய்துபார்க்க ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். ஒரு எண்ணை இரண்டு த்ரெட்டுகள் தலைக்குப் பத்து லட்சம் முறை ஒவ்வொன்றாகக் கூட்டும்படி ஒரு நிரல் எழுதுங்கள். பூட்டு போடாதீர்கள், கம்பைலரின் வேகக்கூட்டல் வசதியையும் நிறுத்தி வையுங்கள். இருபது லட்சம் வர வேண்டும். பத்துமுறை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரு விடை வரும். எண்ணைப் படிப்பது, ஒன்று கூட்டுவது, திரும்ப எழுதுவது என்று மூன்று படிகள்; நடுவில் மற்றவர் நுழைந்துவிடுகிறார். "என் மெஷின்ல ஓடுச்சே சார்" என்ற பதில் இந்த வகைப் பிழைக்கு எடுபடாது. ஆயிரம் முறை சரியாக ஓடியது, ஆயிரத்து ஓராவது முறைக்கு ஜாமீன் இல்லை. அதனால்தான் கெர்னல்காரர்கள் கண்ணை மட்டும் நம்பாமல் கருவிகளைக் கட்டினார்கள். பூட்டுகளின் வரிசை பிசகினால் சொல்ல 2006-இல் லாக்டெப் வந்தது. விடுவித்த மெமரியைத் தொட்டால் பிடிக்க 2015-இல் கேசான் வந்தது. பூட்டில்லாமல் இருவர் ஒரே இடத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்க 2020-இல் கேசிசான் வந்தது. மூன்றும் இலவசம், உங்கள் ஆய்வுக்கூடக் கணிப்பொறியிலேயே ஓட்டலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டிய நிலை எந்த அலுவலகத்திலும் வரும். அது தப்பில்லை. ஆனால் எந்தக் கதவைத் திறந்துவிட்டு வருகிறோம், எது சரியானால் அதை மூடலாம் என்று எழுதி வைத்துவிட்டு வாருங்கள். 2005-இல் திறந்த கதவு பதினோரு ஆண்டு கழித்து மூடியதற்குக் காரணம் யாருடைய அறிவுக் குறைவும் இல்லை. எஸ்-390-ஐச் சரிசெய்தவர்கள் ஒரு பக்கம், பழைய தகராறு தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை.

அந்த 2016 திருத்தமும் 2022 திருத்தமும் அவற்றை எழுதியவர்களின் விளக்கக் குறிப்போடு எவரும் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன. இயங்குதளப் பாடம் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒரு மாலைப்பொழுது படியுங்கள். புரியாத இடத்தில் பேராசிரியரைக் கேளுங்கள். அவருக்கும் சந்தேகம் வந்தால் சேர்ந்து உட்கார்ந்து தேடுங்கள். மனை வாங்குகிற நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பதிவுக்கு முன்னால், அன்றைக்குக் காலையில் இன்னொரு தடவை வில்லங்கம் பாருங்கள்.