நிர்வாகம் மாறலாம், பொதுச் சொத்து மாறக்கூடாது

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, கார் நிறுத்துமிடம் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. உள்ளாட்சியும் பாரம்பரியமும் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஸ்காட்லாந்தில் ஃபைஃப் என்று ஒரு பழைய கவுன்டி இருக்கிறது. கவுன்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. அந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

வடக்கே டே, தெற்கே ஃபோர்த் என்று இரண்டு கழிமுகங்களுக்கு நடுவே இருக்கும் பகுதி அது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அதை 'ஃபைஃப் ராஜ்ஜியம்' என்றுதான் சொல்கிறார்கள். பெருமைக்குக் காரணமும் உண்டு. ராபர்ட் புரூஸ் மன்னர் அடக்கமானது இங்குள்ள டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் 1413-இல் இங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்கியது. எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி டன்ஃபெர்ம்லினில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தன்னை உள்ளே விடாத பிட்டன்கிரீஃப் தோட்டத்தை 1902-இல் விலைக்கு வாங்கி, ஊர் மக்களுக்கே கொடுத்துவிட்டார்.

இனி நிர்வாகத்துக்கு வருவோம். 1969-இல் வீட்லி ஆணையம் என்ற குழு, ஸ்காட்லாந்தின் உள்ளாட்சியை அடியோடு மாற்றச் சொன்னது. பழைய கவுன்டிகள் போய்ப் பெரிய வட்டாரங்கள் வர வேண்டும். அந்தத் திட்டப்படி ஃபைஃபை இரண்டாகப் பிளந்து, வடபகுதியை டண்டீ பக்கமும் தென்பகுதியை எடின்பரோ பக்கமும் சேர்க்க வேண்டும். ஃபைஃப் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கவுன்டி சபையும் மக்களும் சேர்ந்து போராடினார்கள். 1973-இல் சட்டம் வந்தபோது ஃபைஃப் பிளவுபடாமல் தனி வட்டாரமாகவே நின்றது. 1996 முதல் முழுப் பகுதிக்கும் ஒரே ஃபைஃப் கவுன்சில்தான்.

ஆனால் அந்த வெற்றிக்கு மறுபக்கமும் இருந்தது. அங்கே பல சிறு நகரங்களுக்கு 'பர்க்' என்ற தகுதியும் தனி நகரசபையும் நூற்றாண்டுகளாக இருந்தன. 1975-இல் அத்தனை நகரசபைகளும் கலைக்கப்பட்டன. அப்படியானால் அந்தச் சபைகள் கையில் இருந்த மைதானம், மண்டபம், நிலம் எல்லாம் யாருக்கு?

செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கடலோரப் புல்வெளியில் கோல்ஃபும் பந்தும் விளையாட ஊராருக்கு உள்ள உரிமையை 1552-இலேயே பேராயர் ஹாமில்டன் எழுத்தில் உறுதிசெய்திருந்தார். அப்படியும் 18ஆம் நூற்றாண்டின் முடிவில், கடனில் மூழ்கிய நகரசபை அந்த நிலத்தைக் கைவிட்டது. முயல் வியாபாரிகள் உள்ளே வந்தார்கள். மைதானமெங்கும் முயல் வளை! கோல்ஃப் ஆடுபவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். 1894-இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் நிலம் நகரத்தின் கைக்குத் திரும்பியது.

பட்டவர்கள் அல்லவா, அடுத்த முறை முந்திக்கொண்டார்கள். நகரசபை கலைவதற்கு முன்பே, 1974-இல், இன்னொரு சட்டத்தின் மூலம் மைதானத்தை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்துவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற 'ஓல்டு கோர்ஸ்' மைதானத்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அது அவர்கள் நிலம்.

மற்ற ஊர்களின் பொதுச் சொத்துக்கு 'காமன் குட்' என்று பெயர். அது ஊர் நலனுக்கே பயன்பட வேண்டும் என்று 1491-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நகரசபைகள் போனபின் இவை பெரிய கவுன்சில்களிடம் சேர்ந்தன. எது எந்த ஊருடையது என்பதே பல இடங்களில் தெளிவில்லாமல் போனது. எனவே 2015-இல் வந்த சட்டம், ஒவ்வொரு கவுன்சிலும் பொதுச் சொத்துப் பட்டியலை வெளியிட வேண்டும் என்றது. விற்பதற்கோ பயன்பாட்டை மாற்றுவதற்கோ முன்னால் 'சமுதாய சபை'களுக்குத் தெரிவித்து, கருத்துக் கேட்க வேண்டும்.

இந்தச் சமுதாய சபைகள் கிட்டத்தட்ட நம்மைப் போன்றவைதான். சம்பளம் கிடையாது, வரி போடும் அதிகாரம் கிடையாது. ஊர் மக்களின் கருத்தைத் திரட்டி அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்வதுதான் வேலை. கட்டட அனுமதி விண்ணப்பங்களிலும் அவர்களுக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. அதிகாரமில்லாத சபையால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே எதையும் சத்தமில்லாமல் விற்றுவிட முடியாது.

செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்களைக் காப்பாற்றியவை இரண்டு: எழுத்தில் இருந்த உரிமை, அதை நினைவில் வைத்திருந்த மக்கள். நம் மொட்டை மாடி, பூங்கா, சமுதாயக் கூடம் இவற்றின் பத்திரமும் வரைபடமும் எங்கே இருக்கின்றன என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த கூட்டத்துக்குள் பொதுச் சொத்துப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகக் குழு மாறும்போதெல்லாம் அந்தப் பட்டியலும் கைமாற வேண்டும்.