வீட்டின்மேல் ஒரு கைப்பிடிச் சுவர்

(ஆஸ்பத்திரி ஞாயிறு ஆராதனையில் நமது ஆஸ்பத்திரி போதகர் அளித்த செய்தி)



கடந்த ஆண்டு முழுவதும் உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கைகளினாலும் இந்த ஊழியத்தைத் தாங்கி வந்தீர்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம், உங்களுக்கு எங்கள் நன்றி. வழக்கம்போல் அறிக்கை வாசித்துவிட்டு அமரலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் நிற்கிற இரவுகளைப்பற்றி உங்களிடம் பேசவேண்டும் என்ற பாரம் சில நாட்களாக என்னை விடவில்லை.

நம்முடைய தியானத்துக்கு உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தைத் தெரிந்துகொண்டேன். புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். அது இல்லாமல் ஒருவன் விழுந்து மரித்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று அங்கே காண்கிறோம். அந்நாட்களில் மாடி என்பது ஜனங்கள் உட்கார்ந்து பேசுகிற, விருந்தினர் படுத்து உறங்குகிற இடம். மாடியில் இருக்கிறவன் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று சொல்லி தேவன் நிறுத்திவிடவில்லை. வீட்டுக்காரனைப் பார்த்துப் பேசுகிறார். விழுகிறவனுக்காக விழாதவனும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் சாலைக்கு வருவோம்.

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போகிற தேசிய நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை ஊர்களை எல்லாம் அதுதான் கோர்க்கிறது. லாரிகளும் விரைவுப் பேருந்துகளும் பறக்கிற அதே சாலையைத்தான் நம் ஜனங்கள் காலையும் மாலையும் கடக்கிறார்கள். ஷூ கம்பெனி வேன் இறக்கிவிட, சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டுக்கு நடக்கிற நம் சகோதரிகளை நீங்கள் அறிவீர்கள். சம்பள நாளும் சனிக்கிழமையும் சேர்ந்து வந்தால் எங்கள் நர்சுகள் கூடுதலாகக் கட்டுத்துணி எடுத்து வைக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல, அனுபவத்தினால்.

இப்போது என் குற்றம் ஒன்றை உங்கள் முன் அறிக்கை செய்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாண வரவேற்புக்குப் போயிருந்தேன். ஜெபித்து, மணமக்களை ஆசீர்வதித்து, பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மண்டபத்தின் பின்பக்கமிருந்து சபையைச் சேர்ந்த ஒரு தம்பி வந்தான். பக்கத்தில் வந்து, "ஸ்தோத்திரம் ஐயா" என்றான். வாசனை எனக்குத் தெரிந்தது. பைக்கை எடுத்தான். அவனுடைய உறவினர் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கலியாண வீட்டில் ஏன் ஒருவனை வெட்கப்படுத்தவேண்டும் என்று நினைத்து, "பார்த்துப் போப்பா" என்று மாத்திரம் சொன்னேன்.

அவன் பார்த்துப் போகவில்லை. வேனை விட்டு இறங்கி ஓரமாய் நடந்துபோன ஒரு இளம்பெண்மேல் மோதினான். அவன் அன்றிரவே மரித்தான். அந்தப் பெண்ணின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

அடக்க ஆராதனையில் பேசியவன் நான்தான். கர்த்தர் இந்த வாலிபனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார் என்று பிரசங்கித்தேன். மறுநாள் வார்டுக்குப் போனபோது அந்தப் பெண்ணின் தாயார் எழுந்து நின்று கேட்டார்கள்: "அவரைக் கர்த்தர் கூப்பிட்டுக்கிட்டார்னு சொன்னீங்களாமே ஐயா. எம் பொண்ணு காலையும் கர்த்தர்தான் எடுத்துக்கிட்டாரா?"

வேதாகமக் கல்லூரியில் படித்த ஒன்றும் அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை. "இல்லையம்மா" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கர்த்தர் தள்ளவில்லை, மாடியில் சுவர் இல்லை. சுவராக நிற்கவேண்டியவர்களில் நானும் ஒருவன்.

பிரியமானவர்களே, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் மரித்தார்கள். தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேர். குடிபோதையினால் உண்டானவை என்று அதே அறிக்கையில் எழுதப்பட்டிருப்பதோ நூற்றில் மூன்றுக்கும் குறைவு. வார்டில் நிற்கிற எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. காரணத்தையும் நான் கண்டிருக்கிறேன். நடு இரவில் உறவினர் என்னைத் தனியே அழைத்து, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா, வாசனை வந்ததுன்னு எழுதிட்டா இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காது, பிள்ளைங்க இருக்குது" என்று கெஞ்சுவார்கள். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு, விடியும்வரை அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பயத்தை நான் பரிகாசம் பண்ணமாட்டேன். ஆனால் எழுதப்படாத காரணத்துக்கு ஒருவரும் மருந்து தேடுவதில்லை என்பதும் மெய்.

அறியாமையும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். நம் டாக்டர் ஒருவர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, குடித்தால், அந்த வரம்புக்குக் கீழே வர ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகுமாம். மோர் குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும், கட்டிக் காப்பி குடித்தாலும் ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அப்படியானால் விடியற்காலை ஐந்து மணிக்கு, "நேற்று ராத்திரி குடித்ததுதானே" என்று முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றப் போகிற டிரைவர் இன்னும் போதையில்தான் இருக்கிறார். இதை நம் வாலிபர் சங்கத்தில் எத்தனை பேர் அறிவார்கள்?

தேசமும் ஒரு சுவர் கட்டிப் பார்த்தது. அந்த வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்துதான் போயிற்று. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் கட்டளையிட்டது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் முதல் நாளில் நம் மாநிலத்தில் 3,000-க்கும் அதிகமான கடைகள் மூடப்பட்டன. ஆனால் 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைகளுக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது. மூடின கடைகளைக் குடியிருப்புகளுக்குள் திறக்க முயன்றபோது ஊர் ஊராகப் பெண்கள் மறித்து நின்றதையும் பார்த்தோம். இப்படி, கட்டின சுவர் வரிசை வரிசையாக இறங்கிற்று. குடித்து ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் என்பது 2022 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கலியாண மண்டபத்தின் பின்பக்கத்தில் போலீஸ்காரர் நிற்பதில்லை. அங்கே நிற்பவர்கள் நாம்தான்.

ஆகையால் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, சாவியைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்தில், நிச்சயதார்த்தத்தில், பண்டிகை இரவில், பெரியவர்கள் இருவரை வண்டிகள் நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். கோபம் வரும். மூன்று நாளில் தணியும். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். சமீபத்தில் ஒரு வாலிபன் என்னிடம் கத்திவிட்டு ஆட்டோவில் போனான். அடுத்த ஞாயிறு சாவியை வாங்க வந்தது அவனுடைய மனைவி. ஒன்றும் பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாவது, குடிக்கிறவனைச் சபையை விட்டுத் துரத்தாதிருங்கள். வெட்கத்துக்குப் பயந்துதான் அவன் இருட்டில் குடித்து, இருட்டில் ஓட்டுகிறான். விடவேண்டும் என்று விரும்புகிற எவரையும் கையைப் பிடித்து எங்களிடம் கொண்டுவாருங்கள். ஆலோசனைக்கும் ஜெபத்துக்கும் என் அறைக் கதவு திறந்திருக்கும்.

மூன்றாவது, ஏழை நோயாளர் நிதியை நினைவுகூருங்கள். விபத்தில் சிக்கினவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தை நம் அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அதனால் உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் 49-ஆவது மணி நேரத்திலிருந்து மாதக்கணக்கான நாட்கள் தொடங்குகின்றன: கட்டு மாற்றுவது, நடக்கப் பழக்குவது, செயற்கைக் கால், வேலைக்குப் போகாத நாட்களின் வீட்டுச் செலவு. நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மீதிச் செலவையும் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டான். நம் நிதி அந்த மீதிச் செலவுக்குத்தான்.

அந்தப் பெண்ணைப்பற்றிச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் காணிக்கையினால் வாங்கின செயற்கைக் காலோடு இன்று அவள் மறுபடியும் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். மாலையில் அவள் வேனை விட்டு இறங்குகிற நேரத்தில், அவளுடைய தாயார் டார்ச் லைட்டோடு சாலை ஓரத்தில் வந்து நிற்கிறார்கள். சாலைக்கும் மகளுக்கும் நடுவே, சாலைப் பக்கமாகத் தாம் நடக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால், நான் அந்தத் தாயாரைத்தான் காட்டுவேன்.

அப்படி ஒருவருக்கொருவர் சாலைப் பக்கமாக நடக்க ஆண்டவர் நமக்கு உதவி செய்வாராக. ஆமென்.