அழைத்தது யார்?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



அன்றாடக் கிறித்தவ வாழ்வில் இறைவனின் குரலை இனங்காணுதல் என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தபோது எனக்குச் சற்றுத் தயக்கம் எழுந்தது. இந்த அவையில் பல சமயத்தவரும் இருக்கின்றீர்கள்; எச்சமயமும் சாராதவரும் இருக்கின்றீர்கள். நம்பும்படி எவரையும் அழைக்க நான் வரவில்லை. ஆயினும் ஒரு குரலை இனங்காண்பது கவிஞர்களாகிய உங்களுக்கும் தீராத சிக்கல் அன்றோ? மனத்தில் வந்து விழுந்த வரி தன்னுடையதா, நேற்றுப் படித்த வேறொருவருடையதா, அல்லது கைதட்டலை எண்ணி வந்ததா என்று தெரியாமல் நீங்கள் விழித்திருந்த இரவுகள் உண்டு. அந்த உறவை நம்பியே பேசத் துணிந்தேன்.

தமிழ்க் காப்பியங்களில் பழகிய செவிக்குத் தெய்வக் குரல் என்றால் ஓர் இலக்கணம் உண்டு. மதுரை எரிந்தபோது மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன்னே வர அஞ்சிப் பின்னே தோன்றிப் பேசிற்று. மணிமேகலைக்குக் கந்திற்பாவை வருவது உரைத்தது. புராணங்களிலோ அசரீரிக்குக் குறைவே இல்லை. அக்குரல்கள் எழும்போது கேட்பவர் திடுக்கிடுவார். ஆனால் பேசுவது யார் என்பதில் பெரும்பாலும் குழம்பமாட்டார். விவிலியத்திலும் இடியும் மின்னலுமாய் இறைவன் இறங்கிய சீனாய் மலை இருக்கிறது. எனினும் அந்நூலைத் தொடர்ந்து படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். அங்கே இறைவன் நெருங்கி வரும்போது மனிதர் அவரை வேறு யாரோ என்று எண்ணிவிடுகிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்றே கருதினாள். தன் பெயர் அவர் வாயிலிருந்து வந்தபின்தான் அறிந்தாள். எம்மாவு என்னும் ஊருக்கு நடந்த சீடர் இருவர், வழிநெடுக உடன்வந்து பேசியவரை, மாலையில் உணவுக்கு அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்டுகொண்டார்கள். கண்டுகொண்ட கணமே அவர் அங்கில்லை.

இவற்றுள் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது சிறுவன் சாமுவேலின் கதை. ஓய்வுநாள் பள்ளிக்குப் போன எவரும் அதனை அறிவர். சீலோவில் இருந்த ஆலயத்தில், கண் மங்கிய முதிய ஆசாரியர் ஏலிக்குப் பணிவிடை செய்துவந்த பிள்ளை அவன். இறைவாக்கு அரிதாகிவிட்ட காலம் அது. விளக்கு இன்னும் அணையாத இரவுப்பொழுதில், படுத்திருந்த அவன் பெயரை ஒரு குரல் அழைத்தது. அவன் எழுந்து ஏலியிடம் ஓடினான். தான் அழைக்கவில்லை என்று அவர் திருப்பி அனுப்பினார். மறுபடி குரல், மறுபடி ஓட்டம். மூன்றாம் முறை அவன் வந்து நின்றபோதுதான் முதியவருக்கு அழைத்தவர் யார் என்பது விளங்கிற்று.

இக்கதையில் நான் வியப்பது அந்தப் பிழையைத்தான். குரல் இடிபோல் முழங்கியிருந்தால் பிள்ளை கிழவரிடம் ஓடியிருக்கமாட்டான். ஓடினான் என்றால், அது அவன் நாள்தோறும் கேட்டுப் பழகிய குரலைப் போலவே ஒலித்திருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் குரல், கைபிடித்து எழுப்பச் சொல்லும் குரல். நூல் இதனை வெளிப்படச் சொல்லவில்லை. என் ஊகம் இது. இன்னொன்றும் உண்டு. அவன் ஓடிய இடம் பிழையே தவிர, ஓடியது பிழையன்று. உறக்கம் கலைந்த சிறுவன் மூன்றாம் முறையும் எழுந்து போனான். கிழவரின் அழைப்புக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் பிள்ளையாய் இருந்திருந்தால் கதையே இல்லை.

இக்கதையை முதன்முதல் கேட்டபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர். ஆலயத்தில் மணியடிப்பவர் என் தந்தையார். சாமுவேல் சொன்ன மறுமொழியை மனப்பாடம் செய்துகொண்டு, இரவில் பாயில் கிடந்தபடி என் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தேன். ஒருநாள் உண்மையாகவே அழைக்கப்பட்டது. நெஞ்சு அடித்துக்கொள்ள எழுந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைப் பணிவாகச் சொன்னேன். "என்னல உளறுத? கோழிய அடைச்சியா?" என்றார் என் அம்மா. அடைக்கவில்லை. இருட்டில் போய்ப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். பல ஆண்டுகள் இதனை நகைச்சுவையாகவே சொல்லிவந்தேன். நகைச்சுவை மட்டுமன்று என்று தெரிய 1974ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அப்போது நான் உள்ளூர்ப் பள்ளியில் தமிழாசிரியன். தந்தையார் பக்கவாதத்தில் விழுந்து ஓராண்டாகியிருந்தது. பேச்சு குழறும், ஏடு பிடிக்க முடியாது. மாலை ஆறு மணிக்கு ஆலயமணி கேட்டதும், தாம் இழுத்த கயிற்றை இப்போது யாரோ இழுக்கிறார்கள் என்பதுபோல் சற்றுநேரம் கூரையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் ஒரு சங்கீதம் படிப்பேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த குடும்ப ஜெபம். அந்நிலையில் சென்னையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணி எனக்குக் கிடைத்தது. கவியரங்குகள், பத்திரிகைகள், நூலகங்கள் எல்லாம் அங்கே. போகவேண்டும் என்று ஆசை. போகலாமா என்று அச்சம். இறைவனிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

கேட்டது எப்படித் தெரியுமா? வேதப்புத்தகத்தைக் கண்மூடித் திறந்து விரல்வைத்துப் பார்த்தேன். நம் சபைகளில் பலரிடம் இப்பழக்கம் உண்டு; கயிறு சாத்திப் பார்ப்பது என்று நம் முன்னோர் சொன்னதன் உறவு இது. விரல் விழுந்த இடத்தில், ஆபிரகாம் தன் தந்தை வீட்டைவிட்டுப் புறப்படக் கட்டளை பெறும் பகுதி இருந்தது. வேறென்ன வேண்டும்? புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இறைவன் பேசிவிட்டார் என்று வீட்டில் அறிவித்தேன். சபையில் சாட்சியாகவும் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது இரண்டாம் முறை திறந்தது. முதல் முறை திறந்தபோது எண்ணாகமத்தில் கோத்திரங்களைக் கணக்கெடுக்கும் பெயர்ப்பட்டியல் வந்தது. இது விடையாகாது என்று மூடிவிட்டுத்தான் மறுபடி திறந்தேன். இரண்டாவதும் வேண்டியது வராமல் போயிருந்தால் மூன்றாம் முறையும் திறந்திருப்பேன். இதனை நெடுங்காலம் எவரிடமும் நான் சொன்னதில்லை.

அன்று இரவு அடுக்களையிலிருந்து அம்மா என்னை அழைத்தார். "ராசா, அப்பா உன்னத் தேடுதாங்க. இன்னைக்கு நீ படிக்கலியே" என்றார். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நாளை இரண்டாகப் படித்துவிடலாம் என்று சொன்னேன். நான் சென்னைக்குப் போன நான்காம் மாதம் தந்தி வந்தது. நல்லடக்கத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. அம்மா ஒருசொல்லும் கடிந்துரைக்கவில்லை. மாலை மணி அடித்ததும் வாசற்பக்கம் பார்ப்பார் என்று மட்டும், நான் கேட்டதற்காகச் சொன்னார்.

புனித அகுஸ்தீனாரும் அப்படித்தானே புத்தகத்தைத் திறந்தார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரையே சான்றாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். 386ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில், அத்திமரத்தடியில் அழுதுகொண்டிருந்தவருக்கு அண்டை வீட்டுக் குழந்தையின் பாட்டுக்குரல் கேட்கிறது. எடுத்துப் படிக்கச் சொல்கிறது அந்தப் பாட்டு. அவர் முதலில் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். குழந்தைகள் விளையாட்டில் இப்படி ஒரு பாட்டு உண்டா என்று நினைவைத் துழாவினார். அவரும் சொற்கலையை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்டவர் அல்லவா? அப்படியொரு விளையாட்டுப் பாட்டு நினைவுக்கு வராதபின்தான் எழுந்து பவுலின் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்டது, தாம் விடமுடியாமல் தவித்த இன்ப வாழ்வை விடச் சொல்லும் பகுதி. அதன்பின் மிலானில் வகித்துவந்த ஆசிரியப் பதவியையும் துறந்தார். அவர் திறந்தபோது பதவி போயிற்று. நான் திறந்தபோது பதவி வந்தது. வேறுபாட்டைக் காண எனக்கு இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஏலியிடம் திரும்ப வருகிறேன். கர்த்தரின் குரல் சாமுவேலுக்குச் சொன்ன செய்தி, ஏலியின் குடும்பம் வீழும் என்பது. தறிகெட்ட மகன்களை அவர் அடக்கவில்லை. யாருடைய குரல் என்று எடுத்துச்சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர் அவரே. அக்குரல் அறிவித்ததோ அவருடைய அழிவு. விடிந்ததும் பிள்ளை எழுந்து, வழக்கம்போல் ஆலயக் கதவுகளைத் திறந்தான், சொல்ல அஞ்சினான். வற்புறுத்திக் கேட்டறிந்த ஏலி அதனை மறுக்கவில்லை. தமக்கு எதிராகப் பேசிய குரலை இறைவனுடையதே என்று ஒப்புக்கொண்டார். மகன்களைத் திருத்தத் தவறியவர்தாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரலை அறிந்தவர் அவரைப்போல் ஒருவரை நான் காணவில்லை. எனக்கு அன்று ஓர் ஏலி இல்லாமற்போனாரா? இருந்தார். கட்டிலில் கிடந்தார். அவரிடம் நான் கேட்கவில்லை.

இனி ஒரு சமையற்காரரைப் பற்றிச் சில சொற்கள். பிரான்சில் லொரேன் பகுதியில் 1614ஆம் ஆண்டளவில் பிறந்த நிக்கோலா எர்மான் என்பவர், படைவீரராய் இருந்து காயம்பட்டு, 1640இல் பாரிசில் கர்மேல் சபைத் துறவிமடத்தில் சேர்ந்தார். சகோதரர் லாரன்சு என்று உலகம் அவரை அறியும். மடத்தில் அவருக்குக் கிடைத்தது அடுக்களை. இயல்பாகவே அவருக்கு அடுக்களை வேலை பிடிக்காது. இச்செய்தியைப் பக்திநூல்கள் பலவும் மெல்லக் கடந்துவிடுகின்றன. பிடிக்காத அவ்வேலையைப் பதினைந்தாண்டு செய்தார். மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் படகில் அனுப்பினார்கள். கால் ஊனம் என்பதால் பீப்பாய்கள்மேல் உருண்டு உருண்டே படகில் நகர்ந்தாராம். தொழுகை நேரம், வேலை நேரம் என்று இரண்டு இல்லை. பாத்திரங்களின் ஓசைக்கும் பலர் ஒரே நேரத்தில் வேறுவேறு கேட்கும் கூச்சலுக்கும் நடுவே, நற்கருணையின் முன் முழந்தாளிடும் அதே அமைதியோடு இறைவனுடன் இருந்ததாக அவர் கூறியிருக்கிறார். 1691இல் அவர் மறைந்தபின், அவருடன் உரையாடிய யோசேப்பு தெ பொஃபோர் என்னும் குரு உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். எழுத்தாளர் என்று தம்மை ஒருநாளும் எண்ணியிராத அந்த மனிதரின் சிறு நூல் முந்நூறு ஆண்டுகளாகப் படிக்கப்படுகிறது. இரட்சணிய யாத்திரிகம் முதலாக நம் கிறித்தவக் காப்பியங்கள் மோட்சத்துக்குப் போகும் வழியைப் பாடின. அடுக்களைக்கு அவற்றில் பெரிதும் இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை. இங்குள்ள இளங்கவிஞர் எவரேனும் அதனைத் தீர்த்துவைப்பாராக.

லாரன்சு எந்த வானொலியையும் கேட்டதாகச் சொல்லவில்லை. அடுத்தவர் கேட்டதைச் செய்தார். செய்யும்போது யாருடைய முன்னிலையில் செய்கிறோம் என்பதை மறவாதிருக்க முயன்றார். மறந்துபோனால் அதற்காக நெடுநேரம் வருந்திக்கொண்டிராமல் மீண்டும் நினைத்துக்கொண்டார். அப்பழக்கம் படிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின என்றும் மறைக்காமல் சொன்னார். என் போன்றவனுக்கு அந்த ஒப்புதல்தான் பெரிய ஆறுதல்.

சில ஆண்டுகள் சென்று நான் சென்னை வேலையைவிட்டு ஊர்ப்பக்கமே வந்துவிட்டேன். இம்முறை புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. அம்மா தனியாக இருந்தார், அது போதுமாயிருந்தது. தந்தைக்குப் படிக்காமல் விட்ட சங்கீதங்களை மாலைதோறும் அவருக்குப் படித்தேன். கடைசி ஆண்டுகளில் அவருக்குச் செவி மங்கிற்று. பிறகு நினைவும் மங்கிற்று. என் உதடுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டில் கோழி வளர்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆயினும் இரவில் என்னைப் பெயர் சொல்லி அழைத்துக் கோழியை அடைத்தாயிற்றா என்று கேட்பார். தொடக்கத்தில், கோழி இல்லை அம்மா என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அதனை விட்டுவிட்டேன். எழுந்து புறவாசலுக்குப் போய், சற்றுநேரம் இருட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "அடைச்சாச்சும்மா" என்று அவர் காதருகே சொல்வேன். சில இரவுகளில் மூன்று முறை அழைப்பார். மூன்று முறையும் போய்வந்தேன்.