நாலரையா, ரெண்டரை லட்சமா?

('ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறும் குடும்பத்தில் வாழ்க்கைத் துணைக்கும் ஆங்கிலத் தேர்வு: சுமையா, துணையா?' என்ற பட்டிமன்றத்தில் 'துணையே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ரொம்ப உருக்கமாகப் பேசினார். "வேலைக்குப் போகப் போறவன் புருஷன். சமைக்கப் போறவ பொண்டாட்டி. அவளுக்கு எதுக்கய்யா இங்கிலீஷ் பரீட்சை? சாம்பார் என்ன இங்கிலீஷ்லயா கொதிக்கும்?" என்று கேட்டார். (சிரிப்பு) நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன். ஆனா அண்ணே, அந்தச் சாம்பாருக்குப் பருப்பு எந்தக் கடையில கிடைக்கும், எந்த பஸ்ல போகணும்னு யார்கிட்டண்ணே கேக்கறது? (கைதட்டல்)

இன்னொன்று. எங்க ஊரில் ஒரு நர்ஸ் பொண்ணு விண்ணப்பம் போட்டிருக்கு. அங்கே புருஷன்தான் 'கூடப் போகிறவர்'. பரீட்சை அவருக்கு! அப்போ மட்டும் அண்ணன் சாம்பாரை இறக்கி வெச்சிடுவார். (பலத்த சிரிப்பு)

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். அந்த நாட்டுக்குத் தொழில் திறமையை வைத்துக் குடியேற வயசு, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட். மொத்தம் 65-ஆவது வேண்டும். அழைப்பு வருவதற்குப் பல நேரம் அதுவும் போதாது. 2019 நவம்பரில் ஒரு விதி கொண்டு வந்தார்கள். மனைவியோ கணவனோ ஐ.இ.எல்.டி.எஸ். மாதிரித் தேர்வில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நாலிலும் ஆறு ஆறு வாங்கினால் 5 பாயிண்ட். அதோடு 45 வயதுக்குள் இருந்து, பட்டியலில் உள்ள தொழிலுக்குத் தகுதிச் சான்றும் வைத்திருந்தால் 10. ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம். கல்யாணமே ஆகாதவருக்கு? அவருக்கும் 10! (சிரிப்பு) தனியாப் போனா பத்து, ஜோடியாப் போனா முட்டை. இதை வீட்டில் படித்துக் காட்டினேன். எங்க வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இது பாயிண்டுக்கான ஆறு. பாயிண்ட் வேண்டாம், கூட வந்தால் போதும் என்றால் ஆறு வேண்டாம். சராசரி நாலரை போதும். ஒன்பதுக்கு நாலரை, சரிபாதி. எழுத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பேச்சில் ஈடுகட்டிக் கொள்ளலாம். அதுவும் இல்லையா? ஐயாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கட்டணம். நம்ம பணத்தில் ரெண்டரை லட்சத்தைத் தாண்டும். கட்டினால் பரீட்சையே கிடையாது. நம்ம ஆம்பளைங்க எதைத் தேர்ந்தெடுப்பாங்க? "விடும்மா, நான் கட்டிடறேன்!" வள்ளல் பரம்பரை! (சிரிப்பு)

எனக்குத் தெரிந்த ஒருத்தர் அப்படிக் கட்டத் தயாராக நின்றார். அந்தப் பொண்ணு பி.காம். மூணு வருஷமும் முழுக்க ஆங்கில வழி. ரெண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஆங்கிலத்திலேயே படித்து வாங்கிய பட்டம் இருந்தால் அந்த நாலரைகூடத் தேவையில்லை, கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் போதும். கட்டின பொண்டாட்டி எந்த மொழியில படிச்சான்னே தெரியாம ரெண்டரை லட்சத்துக்குக் கடன் கேட்டு அலையறார் மனுஷன்! (கைதட்டல்)

எதிரணித் தங்கை 1901-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துப் போட்டார். உண்மைதான், நான் மறைக்க மாட்டேன். வேண்டாத ஆளை நிறுத்த அன்றைக்கு ஐம்பது வார்த்தை சொல்லி எழுதச் சொல்வார்கள். எந்த ஐரோப்பிய மொழியிலும் சொல்லலாம். 1934-இல் எகான் கிஷ் என்று ஒரு பத்திரிகையாளர் கப்பலில் வந்தார். இறங்கக்கூடாது என்றதும் மெல்போர்ன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக் கொண்டார். அவருக்குப் பல மொழி தெரியும் என்று ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1958-இல் அந்தப் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள். அது பெயிலாக்குவதற்கென்றே வைத்த பரீட்சை தங்கச்சி. இதில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும். பேச்சுத் தேர்வு கால் மணி நேரம்கூட இல்லை. ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்கவிட்டு, ரெண்டு நிமிஷம் பேசச் சொல்வார்கள். நம்ம பொம்பளைங்களுக்கு ரெண்டு நிமிஷம் போதுமாங்கறதுதான் பிரச்சினை! (சிரிப்பு)

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். என்னிடம் படித்த ஒரு பொண்ணு. தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு. வீட்டுக்காரர் எஞ்சினியர். பரீட்சைன்னு ஒன்று இருக்கிறதே அவளுக்குத் தெரியாது. அவர் பணத்தைக் கட்டிவிட்டார். போய்ச் சேர்ந்த ரெண்டாவது மாதம். அவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். மூணு வயசுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வெட்டி வெட்டி இழுக்கிறது. அவசரத்துக்கு மூணு சைபர் என்று தெரியும். போனைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவர்கள் கேட்டால் என்ன சொல்வது? ஆம்புலன்ஸ் என்று ஒரு வார்த்தை, அப்புறம் தமிழ் என்று ஒரு வார்த்தை. மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கொண்டு வருவார்கள். அந்த ரெண்டு வார்த்தை அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா வாய் வரவில்லை நடுவர் அவர்களே. குழந்தையைத் தூக்கிக் கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர்கள் போன் செய்தார்கள். குழந்தை பிழைத்தது.

அங்கே போய்ப் படித்துக் கொள்ளலாமே என்று அண்ணன் கேட்பார். படிக்கலாம். குடியேறுகிறவர்களுக்கு அந்த அரசாங்கம் 1948-இலிருந்து ஆங்கில வகுப்பு நடத்துகிறது, இலவசம். முன்னே 510 மணி நேரம் என்று ஒரு வரம்பு இருந்தது, 2021-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இந்தப் பொண்ணும் அதில்தான் சேர்ந்தாள். ஆனா அந்த ராத்திரி, வகுப்புக்கு முன்னாடி வந்துடுச்சேண்ணே! புறப்படறதுக்கு முன்னாடியே ஆறு மாசம் உட்கார்ந்து நாலரைக்குப் படிச்சிருந்தா, அந்த வாய் அன்னைக்குத் திறந்திருக்கும். (கைதட்டல்)

போன மாதம் பேசினாள். "டீச்சர், அந்தப் பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாதியை என் கையில குடுங்க, நான் பாஸ் பண்ணிக் காட்டறேன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். பக்கத்தில் அவரும் இருந்திருக்கிறார். சத்தமே இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.